மூன்றாம் ஓலை

கேள்வி கேட்டால் பதில் சொல்லவேண்டும் என்று நினைத்ததுதான் நான் செய்த குற்றம். அதுவும் யாரோ தெருவில் போகிறவன் கேட்ட கேள்வி இல்லை. கோயிலில், சபை முழுவதும் உட்கார்ந்திருக்கும்போது, உபதேசியார் தன் வாயாலேயே கேட்டது. இத்தனை வருஷம் கழித்து எழுத உட்கார்ந்தாலும் ஆத்திரம் அடங்கவில்லை.

சூரியநெல்லிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். அம்மா கொழுந்து எடுத்தாள். அப்பாவுக்கு ஃபாக்டரியில் இலை உருட்டும் மெஷினில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகூட அவர் சட்டையில் பச்சை இலை வாசனை போகாது. எங்கள் கோயில் என்பது தகரக் கூரை போட்ட சின்னக் கிறிஸ்தவ ஜெபவீடு. மழை பிடித்துக்கொண்டால் பிரசங்கம் யார் காதிலும் விழாது. அதற்காக யாரும் வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை. குருவானவர் மூணாறிலிருந்து மாதத்துக்கு ஒருமுறை ஜீப்பில் வருவார். மற்ற ஞாயிறுகளில் ஆராதனை, ஓய்வுநாள் பள்ளி, சண்டை தீர்ப்பது எல்லாம் உபதேசியார்தான்.

அந்த வருஷம் பாலர் ஞாயிறுக்கு, வேதத்தின் ஞானப் பகுதியிலிருந்து எங்களை மனப்பாடம் செய்யவைத்தார். பிள்ளையின் உதடு நேர்மையானதைப் பேசினால் பெற்றவர்களின் உள்ளே இருக்கிற குடல்கூடச் சந்தோஷப்படும் என்பதுபோல ஒரு பகுதி உண்டு. அதை நானும் என் கூட்டாளியும் சேர்ந்து ஒப்பித்தோம். அவளும் நானும் தோட்டத்து வரிசை வீடுகளில் ஒரே லயம், ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. எங்கள் இரண்டு பேரின் அம்மாமாரும் தோட்டத்து ஆஸ்பத்திரியில் அடுத்தடுத்த கட்டிலில் கிடந்து ஒரே வாரத்தில் எங்களைப் பெற்றார்கள். எங்களுக்கு ஞானஸ்நானமும் ஒரே நாளில். பிழையில்லாமல் சொன்னோம் என்று ஆளுக்கு ஒரு சோப்பு டப்பா கொடுத்தார்கள். சபையார் கை தட்டினார்கள். அவளுடைய அப்பா எல்லாரையும்விடச் சத்தமாகத் தட்டினார். அதை நான் இந்தக் கண்ணால் பார்த்தேன்.

எனக்கு அப்போதே ஒரு சந்தேகம் இருந்திருக்கவேண்டும். அந்த வாக்கியத்தில் இரண்டு வேலை இருக்கிறது. பிள்ளை நேர்மை பேசவேண்டும், அது ஒரு வேலை. பெற்றவர்கள் அதைக் கேட்டுச் சந்தோஷப்படவேண்டும், அது இன்னொரு வேலை. முதல் வேலைக்கு எங்களுக்குப் பரீட்சை வைத்தார்கள், பிசகினால் காதைத் திருகினார்கள். இரண்டாவது வேலைக்குப் பெரியவர்களுக்கு யார் பரீட்சை வைத்தது? ஒருவரும் இல்லை. அது பாட்டுக்குத் தானாக நடக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

ஓலை வாசிப்பது பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் சபையில் கல்யாணம் நிச்சயமானால் மூன்று ஞாயிறு கோயிலில் அறிவிப்பார்கள். இன்னாரின் மகனுக்கும் இன்னாரின் மகளுக்கும் கல்யாணம், இதற்குத் தடை உண்டென்று யாருக்காவது தெரிந்தால் இப்போதே சொல்லவேண்டும் என்று கேட்பார்கள். கேட்டுவிட்டு மூச்சு வாங்கும் நேரம் சும்மா நிற்பார்கள். யாரும் சொன்னதில்லை. எனக்கு நினைவு தெரிந்து அந்த நேரத்தில் இருமல்தான் கேட்டிருக்கிறது. அதோடு எங்கள் தோட்டத்தில் இன்னொரு வழக்கமும் இருந்தது. ஓலை வாசிக்கிற ஞாயிறுகளில் கல்யாணப் பெண் கோயிலுக்கு வரமாட்டாள். கேட்டால் வெட்கம் என்பார்கள். தடை உண்டா என்று ஊரையெல்லாம் கேட்பார்கள், யாருக்குத் தடை இருக்க முடியுமோ அவளை மட்டும் வீட்டில் பூட்டி வைப்பார்கள். என்ன அழகான ஏற்பாடு பாருங்கள்.

பெண்ணுக்குப் பதினெட்டு நிறையவேண்டும் என்று சட்டம் மாறி அதிக நாள் ஆகவில்லை. ரேடியோவில் சொன்னார்கள், பள்ளிக்கூடத்தில் டீச்சரும் சொன்னார்கள். அதிலிருந்து உபதேசியார் ஓலையில் வயதையும் சேர்த்துக்கொண்டார். பதினெட்டு வயது நிரம்பிய என்று அவர் வாசிக்கிறபோது ஏதோ சர்க்கார் உத்தரவு படிக்கிற மிடுக்கு குரலில் வரும். மழைக்காலத்து ஒரு ஞாயிறு, அதே மிடுக்கோடு, பதினெட்டு வயது நிரம்பியவள் என்று என் கூட்டாளியின் பேரை வாசித்தார்.

மாப்பிள்ளை எங்கள் தோட்டத்துக் கண்டக்டர். தோட்டத்தில் கண்டக்டர் என்றால் பஸ்ஸில் டிக்கெட் கிழிப்பவர் இல்லை, கொழுந்து எடுக்கிறவர்களை மேய்க்கிற அதிகாரி. யார் எந்தத் தேயிலைக் காட்டில் இறங்கவேண்டும், யார் வீட்டுக்கு அனுப்பப்படவேண்டும் என்பதெல்லாம் அவர் நாக்கு நுனியில். மனைவி செத்துப்போய், இரண்டு பிள்ளைகளுக்குச் சோறு பொங்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். என் கூட்டாளியின் அப்பாவுக்கு, கண்டக்டருக்குக் கீழே ஆட்களை வேலை வாங்குகிற கங்காணி ஆகவேண்டும் என்று நெடுநாள் ஆசை. மிச்சத்தை நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் சுற்றிலும் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் எங்களைக் கையில் ஏந்திய ஆயாம்மா பாயில் உட்கார்ந்திருந்தார். எங்கள் ஞானஸ்நானத்துக்குக் கல்கண்டு வாங்கித் தின்றவர்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று உபதேசியார் கேட்டார். நான் எழுந்தேன். தைரியசாலி என்று என்னை யாரும் நினைக்கவேண்டாம். கேட்டாரே, யாராவது சொல்லவேண்டுமே என்று எழுந்தேன், அவ்வளவுதான்.

"அவளுக்குப் பதினெட்டுன்னா எனக்கும் பதினெட்டு. எங்க ரெண்டு பேருக்கும் ஒரே நாள்லதான் ஞானஸ்நானம் ஆச்சு. எனக்குப் பதினஞ்சு."

ஆண்கள் பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். உபதேசியார் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். பிள்ளைகள் பேசுகிற இடமில்லை, உட்கார் என்றார். பிள்ளைகள் ஒப்பிக்கிற இடம், ஆனால் பேசுகிற இடமில்லை. என் பாவாடையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தது அவளுடைய அம்மாவின் கை. அந்தக் கை ஐஸ் மாதிரி இருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அம்மா முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். குடைக்கு வெளியே நனைந்துகொண்டு பின்னால் போனேன். இன்றைக்கு முதுகுத்தோல் உரியும் என்று முடிவே செய்துவிட்டேன். அடுப்பைப் பற்றவைத்து, பால் விடாத கட்டன் காப்பியைப் போட்டு, எனக்கு ஒரு டம்ளரை நீட்டிய பிறகுதான் அம்மா பேசினாள்.

"இன்னுங் கொஞ்சம் சத்தமாச் சொல்லியிருக்கலாம்லா. பின்னால இருந்தவங்களுக்குக் கேக்கல."

அப்பா வாசற்படியில் உட்கார்ந்து செருப்பில் ஒட்டியிருந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரியவே எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. சோப்பு டப்பா வாங்கிய அன்றைக்குக்கூட அவர் இப்படிச் சிரிக்கவில்லை.

சாயங்காலம் உபதேசியாரும் சபைக் கமிட்டியில் இரண்டு பேரும் வந்தார்கள். அப்பாவும் கமிட்டியில் இருந்தவர்தான். அதனால் மரியாதையாகவே ஆரம்பித்தார்கள். அடுத்த ஞாயிறு நான் சபைக்கு முன்னால் நின்று, தெரியாமல் சொல்லிவிட்டேன், மன்னிக்கவேண்டும் என்று சொல்லவேண்டுமாம். ஏழைக் குடும்பத்துக்கு நல்ல இடம் அமைந்திருக்கிறதாம், வயது கொஞ்சம் முன்னேபின்னே இருந்தால் உலகம் கவிழ்ந்துவிடாதாம். கண்டக்டர் மனது வைத்தால் எல்லாருக்கும் நல்லது, வைக்காவிட்டால் எல்லாருக்கும் கெட்டது என்று ஒருவர் பிஸ்கட்டைக் காப்பியில் முக்கிக்கொண்டே சொன்னார். அந்த பிஸ்கட் எங்கள் வீட்டு பிஸ்கட். அம்மா விருந்தாளிக்கென்று எடுத்து வைத்தது.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பிள்ளை சொன்னது பொய்யா என்று மட்டும் கேட்டார். பொய்யா மெய்யா என்பதில்லை இப்போது பேச்சு என்றார் உபதேசியார். இதை நான் சொந்தமாகக் கட்டிச் சொல்லவில்லை. ஞாயிறுதோறும் மெய்யைப் பற்றிப் பேசுகிற மனுஷர், ஒரு பதினைந்து வயதுப் பெண்ணின் வாழ்க்கை அந்தரத்தில் தொங்கும்போது, மெய்யைப் பற்றி இல்லை இப்போது பேச்சு என்றார். எந்த முகத்தோடு அடுத்த ஞாயிறு பிரசங்க பீடத்தில் ஏறினார் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

அப்பா எழுந்து நின்றார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. மெஷின் சத்தத்தில் வேலை செய்து, பேசினாலும் கத்துவதுபோலத்தான் வரும்.

"அந்த வசனத்த இவ வாயில போட்டது நீங்க, உபதேசியாரே. அது இன்னைக்குத்தான் வெளிய வந்துருக்கு. எனக்கு வயிறு குளுந்து கெடக்கு. மன்னிப்பு கேக்கச் சொன்னா, நான் சந்தோசப்பட்டதுக்கும் சேத்துல்லா மன்னிப்பு கேக்கணும். அது எங்களால ஆகாது."

அவர்கள் காப்பியைக் குடித்து முடித்துவிட்டே போனார்கள்.

மறுநாள் காலையில் அம்மாவை மேல்மலைக் காட்டுக்கு அனுப்பினார் கண்டக்டர். மழைக்காலத்தில் அந்தச் சரிவில் யாரையும் இறக்குவதில்லை. அட்டை மொய்க்கும், கால் நிற்காது, கொழுந்தும் சரியாக இருக்காது. அம்மாவோடு வழக்கமாக ஒரே வரிசையில் நிற்கிற பெண்கள் யாரும் எதுவும் கேட்கவில்லை. சாயங்காலம் அவள் வந்து உப்பைத் தேய்த்து ஒவ்வொரு அட்டையாகப் பிடுங்கிப் போடுவாள். கெண்டைக்காலில் ரத்தம் நிற்காமல் ஒழுகும். எனக்கு அழுகை முட்டும். ஆனால் அந்த நாட்களில் அம்மா சலித்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அட்டைக்குக்கூட கண்டக்டர் பேரை வைத்துக் கூப்பிட்டுச் சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை. என் நாக்குக்குத் தண்டனையை அம்மாவின் காலுக்குக் கொடுத்தார்களே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் ஞாயிறு உபதேசியார் தந்திரமாக நடந்துகொண்டார். ஓலையை மடமடவென்று வாசித்தார், கேள்வியையும் கேட்டார். கேள்வியின் கடைசி எழுத்து வாயைவிட்டுப் போவதற்குள் பாட்டை எடுத்துவிட்டார். ஆர்மோனியக்காரருக்கு முன்னாலேயே சொல்லி வைத்திருக்கவேண்டும், அவரும் சேர்ந்து அமுக்கினார். நான் எழுந்து நின்று பேசினேன். எனக்கே கேட்கவில்லை. சபை முழுவதும் எழுந்து நின்று கர்த்தரைத் துதித்துக்கொண்டிருந்தது. கடவுளைப் புகழ்கிற பாட்டை வைத்து ஒரு பெண்ணின் வாயை அடைக்க முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

என் கூட்டாளியைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். அவளைப் பார்க்க முடிந்த ஒரே இடம் லயத்துக் கடைசியில் இருந்த தண்ணீர் பைப். குடத்தை வைத்துவிட்டு அவள் பக்கத்தில் போய் நின்றேன். கோயிலில் நடந்ததெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. அவள் அப்பா அதற்காக அவளை அடித்திருந்தார். நான் பேசியதற்கு அவளை! மூன்றாம் ஓலைக்குக் குருவானவரே வருகிறார், அவர் நிதானமாகக் கேட்பார், பாட்டுப் பாடி ஓடமாட்டார், நீயே வந்து சொல்லிவிடு என்றேன். பெண் வரக்கூடாதாமே என்றாள். எந்த வசனத்தில் இருக்கிறது என்று கேட்டேன். அவள் யோசித்துப் பார்த்தாள். எனக்குத் தெரிந்த அளவு வசனம் அவளுக்கும் தெரியும். குடம் நிரம்பி வழிந்தது, தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மூன்றாம் ஞாயிறு மழை விட்டிருந்தது. கண்டக்டர் புதுச் சட்டை போட்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். கல்யாணம் அந்த வாரமே என்று பேச்சு, பந்தல் கம்புகூட வந்து இறங்கிவிட்டது. முதல் பாட்டு முடிந்து எல்லாரும் உட்காரும்போது வாசல் பக்கம் சலசலப்பு கேட்டது. அவள் வந்தாள். பட்டும் இல்லை, தாவணியும் இல்லை, பள்ளிக்கூட யூனிபார்ம். நீலப் பாவாடை, வெள்ளைச் சட்டை, இரட்டைச் சடை. பதினெட்டு வயது நிரம்பியவள் என்று வாசிக்கப்பட்டவளைச் சபை முழுவதும் பார்த்தது. அவள் நேராக வந்து எனக்கும் தன் அம்மாவுக்கும் நடுவில் பாயில் உட்கார்ந்தாள். சட்டையில் அடுப்புப் புகை வாசனை அடித்தது. மழைக்காலத்தில் எங்கள் பக்கம் துணியை அடுப்புக்கு மேலே கயிறு கட்டித்தான் காயவைப்போம்.

குருவானவருக்கு எதுவும் தெரியாது. ஓலையை வாசித்தார். கேள்வியைக் கேட்டார். கேட்டுவிட்டு உண்மையிலேயே காத்திருந்தார். நான் முழங்காலை ஊன்றி எழுவதற்குள் அவள் எழுந்துவிட்டாள்.

"அது நான்தான், ஐயா. எனக்குப் பதினஞ்சு. எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்."

குருவானவர் அவளுடைய பாவாடையைப் பார்த்தார், உபதேசியாரைப் பார்த்தார். உபதேசியார் திடீரென்று விளக்குத் திரியில் ஏதோ கோளாறு இருப்பதைக் கண்டுபிடித்தார். குருவானவர் காகிதத்தை இரண்டாக மடித்துப் பைக்குள் வைத்தார். இந்தக் கல்யாணம் இந்தச் சபையில் நடக்காது, வேறு எந்தச் சபையிலும் நடக்கவிடமாட்டேன் என்றார். பிறகு அன்றைய ஜெபத்தைத் தொடங்கினார். ஊரார் இன்றைக்கும் இந்தக் கதையைச் சொல்லும்போது, குருவானவர் தைரியமாகக் கல்யாணத்தை நிறுத்தினார் என்றுதான் சொல்கிறார்கள். அவர் நல்லவர், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நிறுத்தியவள் நீலப் பாவாடை கட்டியிருந்தாள்.

ஜெபம் முடிவதற்கு முன்பே அவளுடைய அப்பா ஆண்கள் பக்கத்திலிருந்து எழுந்து வந்தார். சபை கண்ணை மூடியிருந்தது, அல்லது மூடியதுபோல இருந்தது. அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே போனார். வெளியே அறை விழுகிற சத்தம் உள்ளே நன்றாகக் கேட்டது. அன்றைக்கு மழைகூட இல்லை. என் அப்பா பாதி ஜெபத்தில் எழுந்து வெளியே ஓடினார், அதற்குப் பிறகுதான் சத்தம் நின்றது. மற்ற ஒருவரும் அசையவில்லை. பாலர் ஞாயிறில் கை தட்டிய அத்தனை கையும் மடியில் கிடந்தது.

அவளுடைய அம்மா தலையைக் குனிந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. பக்கத்துப் பெண்கள் அவர் முதுகைத் தடவிக்கொடுத்து, அழாதே, பெற்ற வயிறு என்ன செய்யும், இப்படி ஒரு மகள் மானத்தை வாங்கிவிட்டாளே என்று முணுமுணுத்தார்கள். நான் பாயில் அவருக்கு ஒட்டி உட்கார்ந்திருந்தேன். முந்தானை விலகிய இடத்தில் எனக்கு மட்டும் முகம் தெரிந்தது. கண்ணில் தண்ணீர் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் வாய் சிரித்துக்கொண்டிருந்தது. அடக்க அடக்க அடங்காமல், சின்னப் பிள்ளைபோல. அந்த யூனிபார்மைத் துவைத்து அடுப்புக்கு மேலே காயப்போட்டது யார் என்று அப்போது எனக்குப் புரிந்தது. நான் பார்ப்பதைக் கண்டதும் அவர் பயந்துபோனார். முந்தானையை இழுத்து வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டு, சொல்லிவிடாதே என்று கண்ணால் என்னைக் கெஞ்சினார்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. கல்யாணம் நின்றதே, போதாதா என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. போதாது. மகள் உண்மை பேசினாள் என்று ஒரு தாய்க்கு வந்த சந்தோஷத்தை, கோயிலுக்குள்ளேயே, திருட்டுப் பொருள்போல முந்தானைக்குள் ஒளித்துக்கொள்ள வைத்தார்களே, அவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை.